மாற்றியும் எரியும் விளக்கு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1977-இல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்து முதலமைச்சராக்கிய தொகுதி அருப்புக்கோட்டை. 1879-இல் ரமணர் பிறந்த ஊர் திருச்சுழி. இரண்டைப் பற்றியும் அலமாரி கொள்ளாத அளவு நூல்கள் வந்துவிட்டன. ஆனால் இவ்விரு ஊர்களுக்கும் நடுவே ஓடும் வண்டிகளில், ஆக்சிஜன் சென்சார் மாற்றிய பிறகும் விடாமல் திரும்ப எரிகிற அந்த மஞ்சள் ‘செக் இன்ஜின்’ விளக்கைப் பற்றி அறிஞர் பெருமக்கள் வாயே திறக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லை: மேற்கே அருப்புக்கோட்டை, கிழக்கே குண்டாற்றங்கரைத் திருச்சுழி, நடுவே கரிசலும் சீமைக் கருவேலமும் வெயிலும். காலம்: 2020 ஏப்ரல் 1-க்குப் பிற்பட்டது. அன்றுதான் பி.எஸ். 6 விதி வந்து, பெரும்பாலும் கார்களில் கண்ட இவ்விளக்கு பைக்குகளுக்கும் பரவலாக இறங்கியது. பைக்குகளில் அதற்கு முந்தியது பெரும்பாலும் கார்புரேட்டர் காலம். அப்போது வண்டி நின்றால் நின்றது. நிற்பதற்கு முன் கடிதம் போடாது.

இனி விளக்கின் இலக்கணம். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைவது நல்விளக்கு. அணையாமல் நின்றெரிவது தீவிளக்கு. நம் ஆய்வுப்பொருள் இதுவே. கண்சிமிட்டுவது மூன்றாம் வகை. அதைக் கண்டால் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை ஓரங்கட்ட வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

லைட் எரிந்தால் ஸ்கேனர் போடுவது வழக்கு. சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கோடாங்கி என்றால், ஸ்கேனர் அதன் உடுக்கை. ‘மேற்கே ஒரு பொம்பளைத் தெய்வம் கோவமா இருக்கு’ என்பதோடு கோடாங்கி நிறுத்திக்கொள்வார். எந்தத் தெய்வம், என்ன கோபம் என்பதை வீட்டார்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கேனரிலும் ‘பி 0171’ என்று குறி விழும். இன்ஜினில் பெட்ரோலுக்கு வேண்டியதைவிடக் காற்று கூடுதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 1976-இல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ கார்களில் ஏறிய நாள்தொட்டு இதன் வேலை, கண்டதைச் சொல்வது. நாமோ குறி பிடிக்கவில்லை என்று கோடாங்கியை மாற்றுகிறோம். புதுக் கோடாங்கியும் அதே குறியைச் சொல்கிறார். களத்தில் கிடைத்த உரையாடல் ஒன்று:

“அண்ணாச்சி, சென்சார் மாத்தணும்.”

“போன வாரந்தானப்பா மாத்துன?”

“அது லோக்கலு அண்ணாச்சி. இது ஒரிஜினல்.”

“அன்னைக்கும் இதத்தான சொன்ன?”

நான்காம் வரிக்குப் பிறகு பாடபேதம் மிகுதி. அச்சேற்றத் தக்கதும் அன்று.

அப்படியானால் சென்சார் மாற்றியதும் லைட் அணைந்ததே, அது எப்படி என்று எதிர்த்தரப்பார் கேட்பர். அணைத்தது சென்சார் அன்று. மெக்கானிக் ஸ்கேனரில் அழுத்திய ‘எரேஸ்’. பழைய சென்சாரை அப்படியே விட்டுவிட்டு எரேஸ் மட்டும் அழுத்தியிருந்தாலும் அணைந்திருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால்கூடப் பல வண்டிகளில் அணையும். பெரும்பாலான கோளாறுகளுக்கு வண்டியின் கம்ப்யூட்டர் ஒரே ஓட்டத்தில் விளக்கேற்றாது. முதல் ஓட்டத்தில் கண்டதை மனசுக்குள் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் ஏற்றும். எனவே அருப்புக்கோட்டையில் எரேஸ் செய்த வண்டி திருச்சுழி போய்ச் சேரும்வரை உத்தமனாக இருக்கும். திருமேனிநாதரைக் கும்பிட்டு, சாப்பிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு கிளம்பினால் பாதி வழியில் எரியும். இதனால் ‘லைட்டு திருச்சுழியிலதான் பிடிக்குது’ என்னும் இடவாதப் பள்ளி ஒன்று தோன்றியிருக்கிறது. பிரளய வெள்ளத்தையே சிவபெருமான் பூமிக்குள் இறக்கிய தலம் என்று தலபுராணம் பேசும் ஊருக்கு இப்படியொரு பழி! பழுதை நிஜமாகவே சரிசெய்துவிட்டு எரேஸ் அழுத்தாமல் விட்டால், கோளாறில்லாத மூன்று ஓட்டங்களில் விளக்கு தானே அணையும். அவ்வளவு பொறுமையை இவ்வட்டாரம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

சரி, அந்தக் கூடுதல் காற்று எங்கிருந்து வருகிறது? ‘நான் யார்’ என்று கேட்டவர் பிறந்த ஊருக்குப் போகும் வண்டியில் இதைக் கேட்க ஆளில்லை. ஸ்கேனரிலேயே ‘பியூவல் ட்ரிம்’ என்றொரு பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில் 20, 25 சதவீதம் கூடுதல் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ரேஸ் செய்ததும் இறங்கினால், இன்டேக் பக்கம் எங்கோ காற்று கசிகிறது. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பொறிந்த ரப்பர் ஹோஸ் மேலுக்கு முழுசாகத்தான் தெரியும். விரலால் மடக்கினால் அடிப்பக்கம் வாய் பிளக்கும். ரேஸ் செய்யச் செய்யக் கணக்கு ஏறினால் பெட்ரோல் பம்ப், பில்டர் பக்கம் போக வேண்டும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே குறி விழும். அதற்கு வெல்டிங் பட்டறையே போதும்.

‘பி 0135’ வேறு சங்கதி. இந்தச் சென்சார் சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் ஒழுங்காகப் பேசும். சீக்கிரம் சூடேற்ற உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டர் லைனில் கோளாறு என்பதே இக்குறி. ஹீட்டர் போயிருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். அறுவடை முடிந்த கரிசலில் எலிக்குச் சூடான பானட்டைவிட வசதியான வீடு கிடையாது. கப்ளரில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். மெக்கானிக் திருப்தியோடு சென்சாரைக் கழற்றப் போய்விடுவார். மீட்டருக்கு ஒற்றை இழைச் செம்பு போதும், ஹீட்டருக்குப் போதாது. அதே இடத்தில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பைக் கொடுத்துப் பார்த்தால் குட்டு உடையும்: மினுக்கென்று சிவந்து அப்படியே மங்கிக் கிடக்கும். வயர் மேல் சுற்றிய டேப்பை உரித்தால், பல் பட்ட இடத்தில் செம்பு பச்சை பூத்து ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் வெளியே, மீட்டர் போர்டில் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டும் மரபு ஒன்று உண்டு. செலவு குறைவு, பலன் கைமேல். கண்சிமிட்டும் வகையையும் சேர்த்து மறைத்துவிடுவது மட்டுமே அதன் குறை.

கழற்றிய பழைய சென்சார்களின் கதியையும் ஆராய்வது முறை. அவை ஒர்க் ஷாப் டிராயரில் ஸ்பேனர்களோடு கிடந்து, ‘டெஸ்ட்டுக்குப் போட்டுப் பாப்போம்’ என்று அடுத்தடுத்த வண்டிகளில் ஏறி இறங்கும். எதிலும் பலிக்காது. என்றாவது ஒரு வண்டியில் மாட்டி எரேஸ் அழுத்தியதும் லைட் அணையும். இரண்டாம் ஓட்டத்திலும் எரியாது, பத்தாம் ஓட்டத்திலும் எரியாது. அந்த வண்டிக்கு உண்மையாகவே சென்சார்தான் போயிருக்கும். சென்சார்வாதிகள் எல்லா வண்டிக்கும் மேற்கோள் காட்டுவது அந்த ஒரு வண்டியைத்தான்.