மட்காட்டுச் சத்தம்

அப்பா வந்து சேருவதற்கு முன்பே அவர் சைக்கிளின் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் சாலையில் பள்ளிக்கூடத்துக்குப் போக 9 கிலோமீட்டர், வர 9. மட்காடு லேசாக ஆடினாலே தெருமுனையில் கடகடவென்று கேட்கும். நான் ஸ்பானரையும் பழைய டியூப் துண்டையும் எடுத்துத் திண்ணையில் வைத்துவிடுவேன்.

உடனே திருகிவிடமாட்டார். "எலே, கூடவே ஓடி வா. எங்க கழண்டிருக்குன்னு கேளு" என்று சொல்லி ஏறி மிதிப்பார். நான் பின்சக்கரத்தை ஒட்டிக் காதைச் சாய்த்துக்கொண்டு ஓடுவேன். மட்காட்டின் வால்தான் அதிரும். குனிந்து பார்த்தால் வால் பக்கத்துக் கம்பி உறுதியாக இருக்கும். பெடல் பக்கம் சேறு அப்பிக் கிடக்கும் போல்ட்தான் விட்டிருக்கும். "சத்தம் போடுற இடம் வேற, கழண்ட இடம் வேற" என்பார். டியூபில் காலணா அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, தகரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து முடுக்குவார். அந்த ரப்பர் இல்லாவிட்டால் குலுக்கலில் பத்தே நாளில் நட்டு மறுபடி இளகிவிடும்.

போன கோடையில், இந்தியானாபொலிஸிலிருந்து 31ஆம் எண் நெடுஞ்சாலையில் மிச்சிகன் ஏரியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். பிக்கப் வண்டியின் பின்னால் எங்கள் டிராவல் டிரெய்லர்: 24 அடி நீளம், நான்கு சக்கரம், உள்ளே அடுப்பும் கட்டிலும். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையால் பின்னால் காட்டியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஓரம் கட்டி இறங்கினேன். டிரெய்லரின் வலப்பக்க ஃபெண்டரின், அதாவது அதன் மட்காட்டின், பின்பாதி சுவரை விட்டு விலகிக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டயருக்குள் மாட்டியிருக்கும். எத்தனை மைல் அப்படியே வந்தோமோ என்று நினைக்கையில் என் கை நடுங்கியது.

அங்கிருந்து எல்க்ஹார்ட் அதிக தூரமில்லை. அமெரிக்காவின் இழுவை வீடுகளில் பெரும்பகுதி தயாராவது அந்த வட்டாரத்தில்தான். ஆனால் நான் போன பட்டறையில் ஐந்து வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். ஃபெண்டரைக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டு, ஏரியை அடுத்த தடவைக்கு வைத்து, மெல்ல வீடு திரும்பினோம்.

டிரெய்லருக்கு அலுமினியத் தகட்டுச் சுவர், அதன் பின்னால் மரச்சட்டம். ஃபெண்டரை அந்த மரத்தில்தான் ஸ்க்ரூ பிடித்திருக்கும். விலகிய பின்பக்கத்தில் மரம் நன்றாகவே இருந்தது, ஸ்க்ரூக்கள்தான் ஒடிந்திருந்தன. அப்போது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. முன்பக்கத்துக்குப் போனேன். பார்வைக்கு ஒட்டியிருந்த அந்த ஸ்க்ரூக்கள் பிடியே இல்லாமல் சும்மா சுற்றின. தகட்டை விலக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மரம் ஈரக் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது. ஓரத்தில் அடைத்திருந்த பழைய பட்டி காய்ந்து வெடித்து, மழைத்தண்ணீர் ஸ்க்ரூ ஓட்டை வழியே வருஷக்கணக்கில் இறங்கியிருக்கிறது. முன்பக்கம் பிடி விட்டதும் முழுப் பாரத்தையும் பின்பக்கமே தாங்கியிருக்கிறது.

இற்ற மரத்தை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்தேன். நான்கு நாள் விசிறி வைத்துக் காயவிட்டேன். ஈரத்தின்மேல் புது மரம் வைத்தால் அதுவும் அழுகும். புதுச் சட்டம் வைத்து, ஃபெண்டரின் துளைகளைச் சற்றே பெரிதாக்கினேன். பிளாஸ்டிக் வெயிலில் விரியும். விரிய இடமில்லாவிட்டால் ஸ்க்ரூவைச் சுற்றி வெடித்துவிடும். அப்புறம் பியூட்டைல் டேப். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும் ரப்பர் பட்டை. காகிதத்தை உரித்து விரலால் அழுத்தியபோது அந்தத் தொடுகையில் அப்பாவின் டியூப் துண்டுதான் கைக்கு வந்தது. வேலையும் கிட்டத்தட்ட அதே வேலை: இரண்டு பொருளுக்கு நடுவே இருந்து அதிர்வை வாங்கிக்கொள்வது. கூடவே இது தண்ணீரையும் தடுக்கிறது. நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். பிதுங்கி வந்ததை மறுநாள் சீவிவிட்டு இன்னொரு சுற்று முடுக்கினேன். மேல்விளிம்பையும் பக்கங்களையும் மட்டும் சீலன்ட் பூசி அடைத்தேன். எப்படியோ உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வேண்டும், அதனால் அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டேன். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே எழும். அப்போது உரசாமல் டயருக்கு மேல் போதிய இடைவெளி இருக்கிறதா என்று அளந்தும் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்ததும் மனைவியை பிக்கப்பில் உட்காரச் சொன்னேன். "கண்ணாடியை இறக்கு. பாட்டை நிறுத்து. நடக்கிற வேகத்துலயே போ."

எங்கள் தெருவில் வண்டி நகர்ந்தது. நான் வலப்பக்கச் சக்கரத்தை ஒட்டிக் காதைச் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். மேடு வந்த இடத்தில் கொஞ்சம் ஓடவும் செய்தேன். டயர் தார்ச்சாலையில் உருளும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நிறுத்தவா?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச தூரம் போ."