கண்ணடித்த நட்சத்திர மீன்

மான் தீவின் வங்கிக்காரர் ஒருவருக்கு 1815இல் பிறந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஓவியனாகப் போகிறேன் என்று லண்டனுக்குப் போய் நாலு மாதத்தில் திரும்பி வந்தார். எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சேர்த்துவிட்டார்கள். பட்டம் வாங்கவில்லை, கிளிஞ்சல் பொறுக்கினார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் மளிகைக்கடையில் உட்கார வைத்திருப்பார்கள்.

கடலடியைச் சுரண்டும் வலைப்பைதான் அவர் உலகம். ஒருநாள் லூயிடியா என்ற நட்சத்திர மீன் சிக்கியது. படகுப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆசாமி தன்னைத்தானே துண்டு துண்டாக உடைத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த முறை உஷாராக, பட்டென்று கொல்வதற்கு ஒரு வாளி நல்ல தண்ணீரோடு போனார். வலை மேலே வந்தது. வாளியை மெல்ல இறக்கினார். அது வாளியைப் பார்த்ததோ என்னவோ, அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்தது. பாய்ந்து பிடித்ததில் மிஞ்சியது ஒரு கை. அதன் நுனியில் இருந்த கண் மூடித் திறந்ததை, தன்னைக் கேலி செய்து கண்ணடித்ததாகவே ஃபோர்ப்ஸ் 1841இல் புத்தகத்தில் எழுதினார். அவமானத்தை அச்சில் ஏற்றிய விஞ்ஞானி எத்தனை பேர்?

அதே வருடம் 'பீக்கன்' கப்பலில் ஏஜியன் கடலுக்குப் போனார். ஆழம் போகப் போக உயிரினங்கள் குறைந்தன. 230 பாகம் வரை (பாகம் என்பது ஆறடி) கரண்டி விட்டுத் துழாவியவர், 300 பாகத்துக்குக் கீழே பானை காலி என்று கணக்குப் போட்டுவிட்டார். அந்தக் கடல் இயல்பிலேயே இரை குறைந்த கடல் என்பது அவருக்குத் தெரியாது. அவர் மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோதே, 1818இல், கடலோடி ஜான் ராஸ் வடக்கே பாஃபின் விரிகுடாவில் அதைவிட ஆழத்திலிருந்து நட்சத்திர மீனின் உறவுக்கார உயிர் ஒன்றைத் தூக்கியிருந்தார். யார் கேட்டார்கள்?

1842இல் அப்பாவின் பணம் போனது. வயிற்றுப்பாட்டுக்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். எதற்கு? தாவரவியலுக்கு! சாயங்காலங்களில் 'சிவப்புச் சிங்கங்கள்' என்ற அறிவியல் கூட்டத்தோடு விருந்து: பெரிய பெரிய மூளைகள் கோட்டு வாலை ஆட்டி, கர்ஜித்துக் கைதட்டலுக்கு ஈடுகட்டினார்கள்.

ஆசைப்பட்ட எடின்பரோ பேராசிரியர் நாற்காலி 1854இல் கிடைத்தது. சில மாதங்களில், 39 வயதில், காலமானார். 1860இல் மத்தியதரைக் கடலடியிலிருந்து பழுது பார்க்க இழுத்த தந்திக் கம்பியில், ஆயிரம் பாகத்துக்கும் கீழே வளர்ந்த பவளம் ஒட்டியிருந்தது. 1869இல் விலங்கியலாளர் வைவில் தாம்சன் 2,435 பாகத்திலிருந்து சேறும் உயிருமாக அள்ளினார். மறுவருடம் எடின்பரோ அவரைக் கூப்பிட்டு, ஃபோர்ப்ஸ் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தது.