பீரோவும் ஒரு பக்கவாத்தியம்

எங்கள் வீட்டு ஸ்டீல் பீரோ 63 ஹெர்ட்ஸில் பாடும். 60-க்கு வாயைத் திறக்காது, 66-க்கு அடங்கிவிடும். 63 வந்ததும் லாக்கர் கதவு, ஹேங்கர்கள், மனைவியின் வளையல் டப்பா எல்லாம் சேர்ந்து கோரஸ் எடுக்கும். கம்ப்யூட்டரில் ஒரு வெறும் ஓசையை 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏற்றினால், வீட்டில் எந்தச் சாமான் எந்தச் சுருதிக்கு ஆடுகிறது என்பது தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் நல்ல இசை வேண்டுமென்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை இதுதான். காசு செலவில்லை. ஒரே தொல்லை, 50-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை அது அச்சு அசலாகத் தண்ணீர் மோட்டார். கீழ்வீட்டுப் பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"தம்பி, டேங்க் வழியப்போகுது. மோட்டாரை யார் போட்டது?"

"மோட்டார் இல்ல சார், பாட்டு சிஸ்டம் டெஸ்ட் பண்றேன்."

"இதா பாட்டு?" என்றவர், மொட்டைமாடிக்குப் போய் டேங்கை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

என் கட்சி இதுதான்: கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வாரண்டி கிடையாது, மாற்றவும் முடியாது என்பதால் எல்லாரும் கம்ப்யூட்டரில் கையை வைக்கிறார்கள். என் நண்பர் ஒருவர் இதில் பி.எச்டி. செய்யாத குறை. ஓசையை விநாடிக்கு 1,92,000 முறை அளந்து மாதிரிகள் எடுத்த ஃபைலாக இல்லாவிட்டால் காதில் ஏற்றிக்கொள்ள மாட்டார்.

அத்தனை எதற்கு? 1982-ல் வந்த சிடிக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்துவைத்தார்கள். படத்தின் வரிகளோடு கணக்கு ஒத்துவந்த எண் அது. நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் கணக்குப்படி, ஓர் ஓசையைப் பிசகில்லாமல் திரும்ப எழுப்ப அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் போதும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஆக 44,100 தாராளம். 1,92,000 என்றால் கிட்டத்தட்ட 96,000 ஹெர்ட்ஸ் வரை பதியலாம். அதைக் கேட்டு அனுபவிக்க நண்பர் வீட்டு மாமரத்தில் வௌவால்கள் இருக்கின்றன, அவை தலைகீழாகத் தொங்கி ரசிக்கட்டும்.

அந்த 20,000 கூட வாலிபக் காதுக்கு. நம் காது எதுவரை என்று பார்த்துவிடலாமென்று பரிசோதனையை மேலேயும் தொடர்ந்தேன். 12,000 தாண்டியதும் ஸ்பீக்கர் அமைதியாகிவிட்டது. ஒயர் கழன்றுவிட்டதோ என்று மேஜைக்கு அடியில் குனிந்தேன். கூடத்திலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா! அந்த விசில நிறுத்துங்க, காது வலிக்குது!" திரையில் 14,000 ஓடிக்கொண்டிருந்தது. மேலே மிச்சமுள்ள சங்கதிகளுக்கெல்லாம் இனி எங்கள் வீட்டில் அவள்தான் வாரிசு. அவளோ செல்போனைச் சில்வர் டம்ளரில் போட்டுப் பாட்டுக் கேட்கிறவள்.

2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை அப்படியே ஒருமுறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை போட்டுக்காட்டி, எது எது என்று கேட்டார்கள். மொத்தம் 554 முயற்சிகள். சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். நண்பரிடம் சொன்னேன். "அவங்க ஒயர் சரியில்ல" என்றார்.

இந்த நண்பர்தான் 1960-களின் டி.எம்.எஸ். பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "வயலின் கோஷ்டி இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கு, கவனிச்சீங்களா?" என்றவர். பதிவு மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஓசைதான் வருகிறது. நான் சொல்லவில்லை. காபி கொண்டுவந்திருந்தார்கள், பலகாரம் இன்னும் வரவில்லை.

ஃபைல் விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி. பிளாட்பாரத்தில் ஒரே சிடியில் 150 பாட்டு விற்றார்களே, நினைவிருக்கிறதா? அத்தனையும் 128 கிலோபிட் எம்பி3. அசல் சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட். அதில் பதினொன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிட்டார்கள். பலத்த ஓசைக்குப் பக்கத்தில் மெல்லிய ஓசை ஒளிந்துகொள்ளும், காது அதைக் கவனிக்காது என்பதுதான் எம்பி3-யின் சூட்சுமம். ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இதைச் செதுக்கியபோது, சூசன் வேகா என்ற பாடகி பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் பிழை பார்த்தாராம். ஒற்றைப் பெண்குரலுக்கே அந்தப் பாடு. நம் பாட்டில் சலங்கையும் கஞ்சிராவும் கைத்தட்டலும் ஒரே நேரத்தில் வரும். 128-ல் அதெல்லாம் மழைச் சத்தமாகிவிடும்.

இழப்பே இல்லாமல் சுருக்கும் ஃபிளாக் 2001-லேயே வந்துவிட்டது. உடனே நம் ஆட்கள் பழைய எம்பி3-ஐயே ஃபிளாக்காக மாற்றி, 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று பெயரிட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். இரண்டாம் டிகாக்‌ஷனை அண்டாவில் ஊற்றிவைத்தால் முதல் டிகாக்‌ஷன் ஆகிவிடுமா? ஃபைலின் அலைவரிசைப் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரியால் வெட்டியதுபோல ஒன்றுமே இருக்காது. நண்பரின் ஹார்ட் டிஸ்கில் பாதி அந்த ரகம். இதையும் நான் சொல்லவில்லை.

சாமான் வாங்கும் படலம் தனி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை எடுத்தாலும் அட்டைப்பெட்டியில் '1200 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருக்கும். பின்பக்கம் அடாப்டரைத் திருப்பினால் 12 வோல்ட், 2 ஆம்பியர். உள்ளே போவது 24 வாட்ஸ், வெளியே வருவது 1200. இந்த வித்தை கைவந்தால் நெய்வேலியையும் கூடங்குளத்தையும் இழுத்து மூடிவிடலாம். அதற்குப் பதில் கடைக்காரரிடம் 4440 ஆம்ப்ளிஃபையர் போர்டு, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு வாங்கி, தெரிந்த பையனிடம் கொடுத்துக் கட்டிக்கொண்டவர்கள் புத்திசாலிகள். கம்ப்யூட்டரில் செருகினால் அதன் எண்களை ஓசையாக்கித் தரும் டி.ஏ.சி. என்ற மொழிபெயர்ப்பாளர் இப்போது விரல் நீளத்தில், ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கே, குறைசொல்ல முடியாத தரத்தில் கிடைக்கிறார். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். அது தம்பூரா கிடையாது, மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டருக்கு ஒரு பிளக்கில் எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு வேறொரு பிளக்கில் எர்த் என்றிருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஆடியோ ஒயர் வழியாகக் கரண்ட் வட்டமடிக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லி யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், ஷாக் அடித்தால் மற்றதும் நிற்கும்.

அப்புறம் விண்டோஸ். புல்லாங்குழல் உச்சத்தில் நிற்கும்போது 'டிங்' என்று மெயில் வந்த மணியை அடிக்கும். எல்லா ஓசையையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவது அதன் சுபாவம். பிளேயரில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' என்பதைத் தட்டிவிட்டால் ஸ்பீக்கர் முழுக்க அந்தப் பாட்டுக்கே சொந்தம், வேறு எதுவும் குறுக்கே வராது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒரு பொருள்மேல் எனக்குத் தனியுரிமை கிடைத்தது அன்றுதான். மகளின் ஆன்லைன் வகுப்பு டீச்சர் வாயை மட்டும் அசைக்கத் தொடங்கியதும் அது ரத்தானது.

மீதி இருப்பது அறை. மொசைக் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். ஸ்பீக்கரிலிருந்து ஒருமுறை கிளம்பிய மிருதங்கம் சுவரிலெல்லாம் முட்டிக்கொண்டு பலமுறை வந்து சேரும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் பாஸ் வீங்கும். காது உயரத்துக்குத் தூக்கி, சுவரைவிட்டுத் தள்ளிவைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் குத்துவிளக்கு இருக்கிறது. எதிரொலியை விழுங்கக் கனத்த மெத்தை, ஜமக்காளம், துணி வேண்டும். எல்லாவற்றையும்விட மலிவாக ஒலியை உறிஞ்சுவது மனித உடம்பு. கூட்டம் நிறைந்த சபாவுக்கும் காலி சபாவுக்கும் ஒலி வேறுபடுவது அதனால்தான்.

பொங்கலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தபோது கவனித்தேன். கூடம் முழுக்கப் பாய், தலையணை, ஆட்கள். மிருதங்கம் ஒருமுறைதான் விழுந்தது. சித்தப்பா நல்ல கனத்த சரீரம், பின்சுவரை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பீரோகூட அவர் மகன்கள் சாய்ந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இப்படியொரு ஒலியை எங்கள் வீடு கேட்டதே இல்லை. பல்லவி முடியும்வரை அப்படித்தான் இருந்தது. அனுபல்லவியில் சித்தப்பா சேர்ந்துகொண்டார், அரைச் சுருதி மேலே. சித்தி அவரை அடக்க, "வால்யூமை இன்னும் ஏத்துடா, என் குரலே எனக்குக் கேக்கல" என்றார்.