அப்வேர்ட் இலக்கணம்

பொருள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அதில் சேர்வதா, அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, விட்டுவிடுவதா என்று 2 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் திரேஸ்புரம் முதல் முத்தையாபுரம் வரை ஆண்டுதோறும் வீட்டுக்கு வீடு ஆராயப்படும் பொருள் இது. நிலம் வாங்கும்போது வராத பெரியப்பா இதற்கு வருகிறார். துபாயில் இருக்கும் தாய்மாமா நள்ளிரவில் வீடியோ காலில் அமர்கிறார். 4 ஆண்டுப் படிப்பும் அதன்பின் வரும் பிழைப்பும் இந்த முடிவைச் சார்ந்திருப்பதால் அவர்கள் கூடுவது முறையே. கூடியவர்கள் எதை ஆராய வேண்டும் என்று வரையறுப்பது இச்சிறு நூலின் நோக்கம்.

நூலின் துணிபை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்த 2 நாளும் கைக்கு வந்த கல்லூரியை எடைபோடுவதில் கழிகின்றன. எடைபோட வேண்டியது அதற்கு மேலே பிள்ளை எழுதிவைத்திருக்கும் பட்டியலை. மீதியெல்லாம் இதன் விரிவுரை.

அமைப்பு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் பிறகு கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. இருவர் சமமாக நின்றால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று இறங்கி, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பிறந்த தேதியையும் பார்க்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்ட 10 இலக்க ரேண்டம் எண்ணில் பெரியதை உடையவர் முந்துகிறார்.

2018-இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. மறு ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. மாணவர் எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் விருப்ப வரிசையில் எழுதலாம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டு விதிகளுக்கு உட்பட்டு, காலியாக இருக்கும் முதல் வரியைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது.

இம்முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. இடம் பெற்றவர்களில் சிலர் மருத்துவத்துக்கோ வேறு நிறுவனங்களுக்கோ போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன இடம் நல்ல கல்லூரியிலும் காலியாகக் கிடக்கும். அதே இடத்தை விரும்பியும் ஓரிரு எண் பின்தங்கியதால் இழந்த பிள்ளை வேறெங்கோ படித்துக்கொண்டிருக்கும். 2022-இல் இதைத் திருத்தினார்கள். குறித்த நாளுக்குள் சேராதவரின் இடம் பறிக்கப்பட்டு, காத்திருப்பவருக்குப் போகும் என்றானது. காத்திருப்பவர் யார் என்று கண்டறியவே மாணவரிடம் விடை கேட்கிறார்கள்.

வகை

விடைகள் ஐந்து: ஏற்றுச் சேர்தல், ஏற்று மேலே காத்தல், மறுத்து மேலே காத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போதல், மறுத்துக் கலந்தாய்விலிருந்தே வெளியேறுதல். வீடுகளில் வழங்கும் பெயர்கள் அக்செப்ட் அண்ட் ஜாயின், அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் என்று தொடங்குபவை.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியன் கொள்ளத்தக்க மதங்களை (கொள்கைகளை) ஏழாக வகுத்தார். அவற்றுள் முதல் இரண்டு உடன்படலும் மறுத்தலும். ஏற்றுச் சேர்பவர் முதல் மதத்தினர். வெளியேறுபவர் இரண்டாம் மதத்தினர். பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று பின்பு அதை நீக்குவது மூன்றாம் மதம். அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் கொடுப்பவர் அதைச் சேர்ந்தவர். இருவர் மாறுபட்டுச் சொல்லும்போது ஒரு பக்கம் துணிவது ஐந்தாவது. அது அப்பாவும் பிள்ளையும் மாறுபடும் வீட்டுக்கு உரியது. அதைத் துணிபில் காண்போம்.

மூன்றாம் மதத்துக்கு மூன்று விதிகள் உண்டு. பட்டியலில் இப்போது கிடைத்த வரிக்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டுமே நகர முடியும். கீழே உள்ளது காலியானாலும் கேட்க முடியாது. மேலே உள்ள ஒன்று காலியாகி முறை வந்தால் நகர்த்தல் தானாக நடக்கும்; இன்னொரு முறை கேட்க மாட்டார்கள். நகர்ந்த அக்கணமே பழைய இடம் ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். திரும்பப் பெற வழியில்லை.

முன்னோர் நெறி

எடுப்பதா, காத்திருப்பதா என்னும் இவ்வினாவைத் தூத்துக்குடிக் கரை முன்பே அறியும். கொற்கைக் காலந்தொட்டு முத்துக் குளித்த மன்னார் வளைகுடாவில், சிப்பிகள் படுத்திருக்கும் கடலடித் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. குளிப்பு நடத்துமுன் அதிகாரிகள் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறப்பார்கள். கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார்கள். குளிப்பு நடந்தால் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. அரசின் பங்கு திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும்.

அதிகாரிகளின் இக்கட்டு இதுதான். சிப்பிக்கு வயது ஏற ஏற முத்து பருக்கும். இந்த ஆண்டு ஆயிரத்துக்குக் குறைவாகத் தேறும் பார், அடுத்த ஆண்டு அதிகம் தரலாம். ஆனால் ஐந்தாறு வயதுக்கு மேல் சிப்பி தானே செத்துப்போகும்; காத்திருந்த பார் வெறும் ஓடாகிவிடும். எடுத்தால் முத்து சிறிது, காத்தால் சிப்பியே போகலாம். 1928-க்குப் பின் 1955 வரை இங்கே குளிப்பே இல்லை. 1955-இல் மீண்டும் தொடங்கியது 1961-இல் நின்றது. அதன்பின் இன்றுவரை நடக்கவில்லை.

கலந்தாய்வில் மறுத்து மேலே காப்பவர் அந்த அதிகாரியின் நிலையில் நிற்கிறார். கையிலுள்ளதை இழக்கும் துணிச்சல் அவருக்கு வேண்டும். ஏற்று மேலே காப்பவரின் நிலை அந்த அதிகாரிக்கு ஒருநாளும் வாய்க்காதது. எடுத்த சிப்பி படகிலேயே இருக்கும். பெரியது வந்தால் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். எனவே காத்திருப்பதால் வரும் இடர் இங்கே இல்லை. இடர் முழுவதும் 'பெரியது' என்று எதை எழுதிவைத்தோம் என்பதிலேயே இருக்கிறது.

இதற்குக் கணிதச் சான்றும் உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1962-இல் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆய்வுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் வந்த ஆய்வுகள் மாணவருக்குச் சொல்வது எளிமையானது: தரவரிசைப்படி பட்டியலைப் படித்து இடம் தரும் முறையில், உண்மையான விருப்பத்தை உண்மையான வரிசையில் எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் கிடையாது. கிடைக்காது என்று தெரிந்த கல்லூரியை மேலே எழுதுவதால் நட்டமில்லை. வேண்டாத கல்லூரியை மேலே எழுதினால் மட்டுமே நட்டம்.

தடையும் விடையும்

தடை ஒன்று. பெரியப்பா சொல்கிறார்: "அப்வேர்டு போட்டுருலே. வந்தா லாபம், வராட்டி இதுதான் இருக்குல்லா."

விடை. பட்டியல் உண்மையாக இருந்தால் பெரியப்பா சொல்வது சரி. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஒரு மாணவிக்கு ஊரிலேயே இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரியில் மின்னியல் கிடைத்திருக்கிறது. அவளுக்கு அது பிடித்திருக்கிறது. அதற்கு மேலே திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி மின்னியலை எழுதியிருந்தாள், வந்தால் மகிழ்வாள். அதற்கும் மேலே, சென்னைக்கு வெளியே ஏதோ ஒரு கல்லூரியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவு இருக்கிறது. பக்கத்து பெஞ்சுத் தோழி எழுதினாள் என்று இவளும் எழுதியது. அப்வேர்ட் கொடுத்தபின் அந்த வரி காலியானால், மின்னியல் போய்விடும். வந்ததை லாபம் என்று யார் சொல்வது? வேறு வழியின்றி அவள் 600 கிலோமீட்டர் தள்ளிப்போய் விருப்பமில்லாத பாடத்தை 4 ஆண்டு படிக்க வேண்டும்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களுக்கான ஜோசா கலந்தாய்வில் ஸ்லைடு என்று ஒரு விடை உண்டு. அதே கல்லூரியில் வேறு பிரிவு கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள் என்று அங்கே சொல்லலாம். நம் கலந்தாய்வில் அப்படிப் பிரித்துச் சொல்ல இடமில்லை. சொல்ல வேண்டிய அனைத்தையும் பட்டியலின் வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும்.

தடை இரண்டு. தாய்மாமா சொல்கிறார்: "சி.எஸ். இல்லன்னா எதுக்குப் படிக்கணும்? எங்கயாவது சி.எஸ். வாங்கு."

விடை. கணினியை விரும்பும் பிள்ளை அதையே எழுதட்டும். மற்றப் பிரிவுகளுக்கு வேலையில்லை என்பதை மாத்திரம் தூத்துக்குடியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகம், 5 அலகுகளில் 1,050 மெகாவாட் திறன்கொண்ட அனல்மின் நிலையம், அதனுடன் 1,000 மெகாவாட் கூட்டு நிறுவன மின் நிலையம், ஸ்பிக் உர ஆலை, சாகுபுரத்து வேதி ஆலை, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை ஆகிய எல்லாம் இம்மாவட்டத்தில் இருப்பவை. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் மின்னியலும் இயந்திரவியலும் வேதிப் பொறியியலும் கட்டடவியலும் வேண்டும். இவற்றில் யாருக்கும் வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் தொழிலை எட்டிப் பாராமல் ஒரு பிரிவைத் தள்ளக் கூடாது என்கிறேன். கல்லூரியைப் பார்க்கும்போதும் அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடம் ஆய்வகம் திறந்திருக்குமா, ஆசிரியர் வருவாரா என்று கேட்பது விளம்பரப் பலகையைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

தடை மூன்று. பாட்டி சொல்கிறாள்: "பொம்பளப்பிள்ளைய அம்புட்டு தூரம் எதுக்கு அனுப்பணும்? உள்ளூர்ல கெடைச்சது போதும்."

விடை. உள்ளூர்க் கல்லூரி நல்லது என்று மாணவியே எழுதியிருந்தால் அது நெறி. அவள் மேலே எழுதியிருப்பதைக் கேட்காமல் ஏற்றுச் சேர்தலை அழுத்தினால் அது அநீதி. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குரிய இடத்தை அவளுக்குத் தெரியாமலே குறைப்பதற்கு அது சமம். செலவைக் காரணம் காட்டுபவர்களும் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருபவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. உப்பளத்தில் நாள் முழுதும் நின்ற தாயின் மகள் ஓர் இரவுப் பயணத்துக்காக ஒரு படிப்பை இழக்க வேண்டியதில்லை.

துணிபு

பட்டியலை லாக் செய்வதற்கு முந்தைய இரவு பிள்ளை அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நின்று, "இது வந்து கீழே உள்ளது போனால் எனக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். தயங்கும் வரியைக் கீழே இறக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். இதைச் செய்தவருக்கு அந்த 2 நாளில் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. ஏற்று மேலே காக்கலாம். குறித்த நாளுக்குள் உதவி மையத்துக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தால் போதும்.

இதைச் செய்யாமல் லாக் செய்துவிட்டு, மேலே ஒரு வரியாவது வேண்டாதது என்று இப்போது உணர்பவர் ஏற்றுச் சேர வேண்டும். மேலே உள்ள மற்ற நல்ல வரிகளின் ஆசையை அவர் விடத்தான் வேண்டும். எந்த நிலையிலும் சேரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தை மட்டுமே மறுக்கலாம். மருத்துவமோ வேறு படிப்போ உறுதியானவர் பொறியியல் இடத்தை அன்றே விட்டுவிட வேண்டும். அவர் விடும் ஓர் இடத்துக்கு ஒருவர் நகர்வார், அவர் விட்டதற்கு இன்னொருவர் நகர்வார். கடைசியில் யாரோ ஒருவருக்கு இடமே கிடைக்கும். பிடித்துவைத்திருப்பவர் அத்தனை பேரையும் நிறுத்திவைக்கிறார்.

இனி, அப்பாவும் பிள்ளையும் மாறுபட்டால் எப்பக்கம் துணிவது? பணம் எவ்வளவு முடியும் என்பதில் அப்பாவின் சொல் முடிவானது. அதை அவர் பட்டியல் எழுதும் முன்பே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த எல்லைக்குள் எந்த வரி எந்த வரிக்கு மேல் என்பதில் பிள்ளையின் சொல்லே முடிவானது. வகுப்பில் உட்காரப் போவதும் தேர்வு எழுதப் போவதும் அந்தப் பிள்ளைதான். பெரியப்பாவும் தாய்மாமாவும் பாட்டியும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லலாம், கேட்டதற்கு விடை தரலாம். வரிசையை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை.