எம்-ஒன் அண்ணன்

"அண்ணே, யூனிட் ஒண்ணுல என்னண்ணே வரும்?"

கேட்டதும் எம்-ஒன் அண்ணன் சொல்லிவிட மாட்டார். லுங்கியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். கட்டிலில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடுவார். சோழி உருட்டுகிறவர் மாதிரி விரல்களை மடக்கி நீட்டுவார். "போன நவம்பர்ல கேலி-ஹாமில்டன் கேட்டான். அதுக்கு முந்தி கேனானிக்கல் ஃபார்ம். அப்ப இந்தத் தடவை..." எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "...ரெண்டையும் பாத்துட்டுப் போயிருங்க."

இதையே எங்கள் கணக்கு சாரும் வகுப்பில் சொல்லியிருந்தார். அவர் கண்ணை மூடாமல் சொன்னதால் நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

எம்-ஒன் என்பது அப்போது பொறியியல் முதல் செமஸ்டரில் வந்த மேதமேடிக்ஸ்-1. ப்ளஸ் டூ கணக்கில் 200-க்கு 190 வாங்கி, தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்காத குறையாக வந்து சேர்ந்தவனை நாலே மாதத்தில் தரையில் இறக்கிவிட்ட பாடம். மேட்ரிக்ஸில் சாதுவாக ஆரம்பிக்கும். கடைசி யூனிட்டில் இரட்டைத் தொகையீடு, மும்மடித் தொகையீடு என்று தலைக்கு மேல் போய்விடும். எங்கள் காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள். கன்னியாகுமரியில் ஒருவன் எந்தக் கணக்கைப் பார்த்து முழிக்கிறானோ, அதே கணக்கைப் பார்த்து அதே நிமிஷம் திருவள்ளூரில் இன்னொருவன் முழிப்பான். இத்தனை பெரிய கூட்டம் ஒரே தாளுக்குக் காத்துக் கிடந்தால் ஜோசியர் தோன்றாமல் இருப்பாரா? விடுதிக்கு ஒருவர் தோன்றினார்.

எங்கள் அண்ணன் 2014-இல் சேர்ந்தவர். நான் 2016. நான் எம்-ஒன்னை முதல் தடவை எழுதியபோது அவர் ஐந்தாவது தடவை எழுதினார். மற்ற பாடமெல்லாம் அவருக்கு ஒரே மூச்சில் க்ளியர். அரியரை நாங்கள் 'கப்பு' என்போம். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கப்பு. அதை ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்துத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைப்பார்.

படிப்பதற்கு அவரிடம் பெரிய நூலகமே இருந்தது. கிரேவால் எழுதிய தடித்த புத்தகம் ஒன்று. அதன் முதுகு பிய்ந்து, பசை டேப்பில் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' கட்டு ஒன்று. யாரோ திருப்பித் தராமல் விட்டுப்போன ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் கால்குலஸும் உண்டு. அது கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுப்பதற்கு. கால்குலஸ் புத்தகம் விற்ற காசில் அந்த ஸ்டூவர்ட் டொரன்டோவில் 'இன்டெக்ரல் ஹவுஸ்' என்று வளைவு வளைவாக ஒரு வீடு கட்டிக்கொண்டார் என்று ஒருநாள் நான் அளந்தேன். அண்ணன் கதவைப் பார்த்தார். "அவரு வீடே கட்டிட்டாரா? நம்ம ரூமுக்கும் ஏதோ அவரால ஆனது" என்றார்.

அவருடைய உண்மையான ஆயுதம் கேஸியோ எஃப்எக்ஸ்-991 எம்எஸ். மோட் பொத்தானை மூன்று முறை தட்டி, ஒன்றை அழுத்தி, டிகிரி மூன்று என்று கொடுத்தால் முப்படிச் சமன்பாட்டின் விடைகள் மூன்றும் வந்து நிற்கும். எய்கன் வேல்யூ கண்டுபிடிக்கிற கணக்கில் அண்ணன் முதலில் விடையைத்தான் எடுப்பார்; பிறகு அந்த விடை வந்த கதையைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுவார். "மூணுல ஏதாவது ஒண்ணு பாயின்ட்டுல வந்துச்சுன்னா தப்பு உன் மேல, கேள்வி மேல இல்ல. கேள்வி எடுக்கிறவரும் மனுஷன்தானே, முழு நம்பர் வர்ற மாதிரிதான் எடுப்பாரு. மைனஸை எங்கயோ முழுங்கிட்ட, போய்த் தேடு." பிற்பாடு எத்தனையோ பேர் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பைக் கண்டுபிடிக்க இதைவிட உருப்படியான யோசனையை ஒருவரும் சொல்லவில்லை.

கேலி-ஹாமில்டன் தேற்றத்தின் மேல் அவருக்குத் தனிப் பாசம். கேலி 14 வருஷம் வக்கீல் வேலை பார்த்தவர். 1858-இல் இந்தத் தேற்றத்தை எழுதும்போது இரண்டுக்கு இரண்டு அணிக்குச் செய்து காட்டினார். மூன்றுக்கு மூன்றுக்கும் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார். பொதுவான நிரூபணம் தேவை என்று தோன்றவில்லை என்று விட்டுவிட்டார். அண்ணன் இதை எங்கோ படித்துவிட்டு விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ப்ரூஃப் எழுதாம விட்டதுக்கு அவருக்கு எவனாவது மார்க் குறைச்சானா? நான் விட்டா மட்டும் மூணு மார்க்கு போயிருது."

மூன்று மார்க் போன கதை அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் விடைத்தாளின் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிவிடுவார். அதை மேஜையில் பரப்பி வைத்து அவர் வாசிக்கிற அழகை அருகிலிருந்து பார்க்க வேண்டும். அவர் எழுதியதைப் படிக்கவே மாட்டார். திருத்தியவருடைய கையெழுத்தைத்தான் படிப்பார். "இங்க பாரு, நாலாம் பக்கம் வரைக்கும் டிக்கு பெருசு பெருசா இருக்கா? மனுஷன் காலையில சந்தோஷமா இருந்திருக்காரு. அஞ்சாம் பக்கத்துல டிக்கு சுருங்குது. பசி. ஏழாம் பக்கத்துல பேனா மாறுது பாத்தியா? டீ குடிச்சிட்டு வந்திருக்காரு. அங்கதான் நமக்கு ஆறு மார்க்கு." நகல் கருப்பு வெள்ளைதான். பேனா மாறியது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மார்க் வாங்கும் கணக்கு அவரிடம் பஞ்சாங்கம் போல் இருக்கும். அப்போது பார்ட் ஏ-வில் 2 மார்க் கேள்வி பத்து. பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒன்றாக 16 மார்க் கேள்வி ஐந்து. ஒவ்வொன்றிலும் இதுவா அதுவா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். "மூணு யூனிட்டு முழுசாப் படி, 48. பார்ட் ஏ-ல அஞ்சு கேள்வி, 10. ஆக 58. அதுல மறதிக்கு அஞ்சு, மைனஸுக்கு மூணு கழிச்சுக்கோ. அம்பது. பாஸ்." கூட்டல் கழித்தல் எல்லாம் அப்பழுக்கில்லாதது. பல்கலைக்கழகம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகக் கூட்டியது.

அண்ணனுக்கு இரண்டு விடைகள் தூக்கத்திலும் தெரியும். ஒன்று, 3/8. தொகையீட்டின் வரிசையை மாற்றச் சொல்லும் ஒரு கணக்கு. எக்ஸ் ஸ்கொயரில் தொடங்கி இரண்டு மைனஸ் எக்ஸில் முடியும். வரிசையை மாற்றினால் பகுதி இரண்டாக உடையும். ஒன்றில் 1/6, மற்றதில் 5/24, கூட்டினால் 3/8. இன்னொன்று பெட்டி. மூடியில்லாத செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32, தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும், அளவுகளைக் காண்க. லக்ராஞ்ச் முறையில் போட்டால் நீளம் 4, அகலம் 4, உயரம் 2. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாரை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பெட்டியை எங்கேயோ பார்த்த ஞாபகம் வரும். அதற்கு ஏன் மூடியில்லை, உள்ளே என்ன வைக்கப் போகிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

என்னுடைய தேர்வுக்கு முந்தின ராத்திரி அண்ணன் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். கட்டிலில் நாலு, தரையில் மூணு, ஸ்டூவர்ட் மேல் ஒருவன். பதினோரு மணிக்கு ஆரம்பித்த மேட்ரிக்ஸ் இரண்டு மணிக்குத் தொகையீட்டுக்கு வந்தது. சுவரில் கரித்துண்டால் பகுதியை வரைந்து, கோடு போட்டு, "குச்சியை நிமித்தி வச்சா முதல்ல ஒய், படுக்கப் போட்டா முதல்ல எக்ஸு. இவ்ளோதான்டா தம்பி வரிசை மாத்தறதுன்னா" என்றார். நான்கு மாதம் புரியாதது எனக்கு அந்தக் குச்சியில் புரிந்தது. நாங்கள் மூன்றரைக்குத் தூங்கப் போனோம். அதற்குப் பிறகு பக்கத்து ப்ளாக்கிலிருந்து இன்னொரு கோஷ்டி வந்ததாகக் கேள்வி.

மறுநாள் கேள்வித்தாளில் பெட்டி வந்தேவிட்டது. எண்கள்கூட மாறவில்லை. எனக்கு மூன்று பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணனின் முதுகைப் பார்த்தேன். முதுகு ஆடவில்லை. வெளியே வந்ததும் ஓடிப் போய், "அண்ணே, பெட்டி!" என்றேன்.

"எழுதல."

"ஏண்ணே?"

"யோசிச்சுப் பாரு. இவ்ளோ சுலபமா எதுக்குக் குடுக்கிறான்? உள்ள என்னமோ வச்சிருக்கான்னு தோணுச்சு. அதான் 'அல்லது'ல இருந்த டெய்லர் தொடருக்குப் போயிட்டேன்."

"டெய்லர் வந்துச்சாண்ணே?"

"பாதி வரைக்கும் வந்தான்."

ரிசல்ட் வந்த அன்று எட்டுப் பேரில் ஆறு பேர் பாஸ். அண்ணனுக்கு 'யு'. எப்படி முகத்தில் முழிப்பது என்று மாடிப்படியிலேயே நின்றோம். அவரே இறங்கி வந்தார். ஆறு என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "மீதி ரெண்டு பேரு எந்த யூனிட்டுலடா போனான்? யூனிட் மூணா? நான்தான் எவல்யூட்டை அவசரமா நடத்திட்டேன். வரச் சொல்லு அவனுங்களை."

2018-இல் அவர் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போனார், கப்போடு. வேலைக்கு எடுக்க வருகிற கம்பெனிக்காரர்கள் 'ஸ்டாண்டிங் அரியர்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இவருடையது நின்றுகொண்டே இருந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் பாஸ் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊரெங்கும் 'அரியர் மாணவர்களின் அரசனே' என்று பேனர் ஏறியது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கட்டணம் கட்டியிருந்தீங்களாண்ணே?"

"கட்டாம? தேதி வந்தா கை தன்னால கட்டிரும்." குரலில் சுரத்தே இல்லை. "அம்மா கேசரி கிண்டியிருக்காங்க. ஆனாலும் பாரு, இத்தனை வருஷம் இதுலயே கெடக்கறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அப்புறம் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ ஆட்சேபித்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2021-இல் தேர்வு நடத்தித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. கேசரி அதற்குள் தீர்ந்திருந்தது. அண்ணன் குரலில் பழைய தெம்பு திரும்பியது. நாலு வருஷப் படிப்பை முடிக்க ஏழு வருஷம் கெடு. அதன் விளிம்பில், வீட்டிலிருந்தே எழுதிய அந்தத் தேர்வில், 'ஈ' கிரேடில் பாஸ் ஆனார். எவ்வளவு மார்க் என்று கேட்டேன். "தம்பி, கப்பு போனதுக்கப்புறம் அதோட எடையைக் கேக்கக் கூடாது" என்றார்.

போன மாதம் என் சித்தி பையன் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பொறியியல் முதல் வருஷம் படிக்கிறான். பாடத்தின் பெயர் 2021-இல் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று மாறியது. "யாரோ யுனிவர்சிட்டி ரேங்க் ஹோல்டர் எழுதின நோட்ஸாம்ணா. இதைப் படிச்சாலே போதுமாம். நல்லதான்னு பாத்துச் சொல்லு."

திறந்தேன். பிள்ளையார் சுழி. கீழே டீ டம்ளர் வைத்த வட்டம். ஓரத்தில் ஸ்கேன் செய்யும்போது பிடித்திருந்த கட்டைவிரல். எய்கன் வேல்யூவுக்குப் பக்கத்தில் 'மைனஸைத் தேடு' என்றிருந்தது. பத்தாம் பக்கத்தில் நிமிர்ந்த குச்சி, படுத்த குச்சி. எட்டாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தேன். மூடியில்லாத பெட்டியைப் படம் போட்டு, 4, 4, 2 என்று எழுதி, சிவப்பு மையில் மூன்று முறை அடிக்கோடிட்டு, கீழே ஒரு வரி:

"சந்தேகப்படாம எழுது."