ஸ்டுடியோவில் வீழ்ந்த கராச்சி

இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது, 2025 மே 8 இரவு, கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டதாக இந்தியச் செய்தித் தொலைக்காட்சிகள் சில முழங்கின. அந்த வெற்றிச் செய்தி கடற்படைக்கு மட்டும் எட்டவில்லை போலும். கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்கத் தயாராக நின்றதாக அது மே 11 அன்று சொன்னது. ஸ்டுடியோப் போருக்குக் கப்பல் வேண்டாம். சிவப்புப் பட்டை, கணினியில் வரைந்த தீப்பிழம்பு, ஒரே சமயத்தில் கத்தும் நான்கு நிபுணர்கள், பின்னணியில் ஓயாமல் ஊளையிடும் அபாயச் சங்கு இருந்தால் போதும். சங்கு மட்டும் சற்று வினையானது: கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், உண்மையான தாக்குதலின்போது டிவி ஓடுவதாக நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார்கள். ஆகவே மே 10 அன்று, விழிப்புணர்வுக்கு அல்லாமல் நிகழ்ச்சிகளில் அதை ஒலிக்கவேண்டாமென மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டது. அன்று மாலையே சண்டைநிறுத்தமும் வந்துவிட்டதால், சங்கு எதற்கு அடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.