சாங்வியில் மீன்வளத்தை மீட்டுத் தூண்டில் போடுவது எப்படி? ஏழு எளிய படிகள்

புனேயில், சாங்வியில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். பால்கனியிலிருந்து ஆறு தெரியும் என்று சொல்லித்தான் தரகர் விலையை ஏற்றினார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு தெரிகிறது, கோடையில் அதை மூடிக்கொண்டு ஆகாயத்தாமரை தெரிகிறது, பொழுது சாய்ந்தால் கொசுவும் தெரிகிறது. மீன் மட்டும்தான் கண்ணில் படுவதில்லை. இந்தக் குறையைப் போக்கி, ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிப்பது வரைக்குமான வழிமுறைகள் இதோ.

தேவையானவை: ஆறு அல்லது அணை, ஒன்று. மீன்குஞ்சு, லட்சக்கணக்கில். அமைச்சர், ஒருவர். புகைப்படக்காரர், இருவர். சுத்தமான தண்ணீர், கிடைத்தால்.

படி 1: பூர்வீகத்தைத் தேடிப் பெருமைப்படுங்கள்

எந்தத் திட்டத்துக்கும் ஒரு பழம்பெருமை வேண்டும். உங்களுக்கு அது செலவில்லாமல் கிடைக்கிறது. 1839-இல் வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி தக்காணத்து மீன்களை விவரித்து எழுதினார். அதில் புனேக்குக் கிழக்கே சில மைல் தள்ளி முளா–முட்டா ஆற்றில் கிடைத்த ஒரு பெரிய கெண்டையும் உண்டு. இன்று அதை நீலத்துடுப்பு மகசீர் என்கிறோம். விலங்கியல் நூல்களில் அந்த மீனின் சொந்த ஊர் இன்றைக்கும் புனேதான்.

சாங்வி அருகே முளாவும் பவனாவும் கூடுகின்றன. கொஞ்ச தூரம் போனதும் முட்டா வந்து சேர்கிறது. ஆகவே அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் “நம் வாசலில் ஓடுவது மகசீரின் பிறந்த வீடு” என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். பிறந்த வீட்டுக்கு அது ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

படி 2: தண்ணீரை வேறு பக்கம் திருப்புங்கள்

மகசீருக்குக் குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். அடியில் கூழாங்கல் வேண்டும். மழைக்காலத்தில் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலே போகவும் வேண்டும். வைகையில் சம்பந்தரின் ஏடு எதிரேறியதென்றால் வழியில் தடுப்பணை எதுவும் இல்லை. இங்கே அந்த வசதி கிடையாது.

முளா ஆற்றை முல்ஷியில் டாட்டா நிறுவனம் அணை கட்டித் தடுத்தது. நிலம் இழந்த விவசாயிகள் 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள். ஆனாலும் அணை எழும்பியது. கிழக்கே ஓடவேண்டிய தண்ணீர் மலையைத் துளைத்து மேற்கே இறங்கி, பீராவில் மின்சாரமாகிக் கொங்கணத்துக்குப் போகிறது. பவனா அணைத் தண்ணீரை ராவேத் தடுப்பணையில் பிம்ப்ரி–சிஞ்ச்வடு மாநகராட்சி குடிநீருக்கு ஏற்றிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர்தான் குழாய் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்து, குளியலறையிலும் சமையலறையிலும் கடமை முடித்து மறுபடி ஆற்றுக்குப் போகிறது. கோடையில் சாங்வி அருகே ஆறு வற்றாமல் ஓடுகிறதே, அந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்குண்டு.

படி 3: குஞ்சு விடுங்கள், முடிந்தால் அடுத்தவர் ஆற்றிலும்

இதுதான் எல்லோருக்கும் பிடித்த படி. குஞ்சு விடுவதற்கு ஒரு காலை வேளை போதும். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்துவிடும். விட்ட குஞ்சுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணப் போனால் வருடங்கள் ஆகும், அதற்குப் படமும் வராது.

உண்மையான வேலையும் நடந்திருக்கிறது. லோனாவாலாவில் வல்வண் அணையை ஒட்டிய டாட்டா மீன்பண்ணையில் 1970களிலிருந்து மகசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்கிறார்கள். தாய் மீனின் வயிற்றை நீவி முட்டையெடுத்து, பொரித்து, குஞ்சை வளர்த்து ஏரிகளில் விடுகிறார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் இருந்த நீலத்துடுப்பு மகசீர், இப்போது ‘கவலை குறைந்த’ இனங்களோடு சேர்ந்துவிட்டது.

நல்ல மீன் நம்மிடம் நிறைய இருந்தால் ஊருக்கெல்லாம் கொடுக்கத் தோன்றும் அல்லவா? 1970களின் பிற்பகுதியில் இந்தக் குஞ்சுகள் காவிரிக்கும் போயின. காவிரியில் ஏற்கெனவே ஒரு மகசீர் இருந்தது. முதுகில் திமில், தங்கநிற உடம்பு. 1946-இல் கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு எடை. 1998 முதல் 2012 வரை காவிரித் தூண்டில்காரர்கள் குறித்துவைத்த கணக்கைப் பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். புனேக்காரரின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தது, திமில்காரர் தேய்ந்துபோயிருந்தார். திமில் மகசீரின் சரியான அறிவியல் பெயர் இன்னதென்று முடிவானதே 2018-இல்தான். மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்ற முத்திரையும் அதே ஆண்டில் விழுந்தது. பெயர்சூட்டு விழாவும் இறுதி எச்சரிக்கையும் ஒரே பந்தலில் நடந்தன.

ஒகேனக்கல்லில் நின்று காவிரியைப் பார்க்கும்போது, விருந்தாளியாக அனுப்பப்பட்ட மீன் ஒன்று வீட்டுக்காரரின் இடத்தைப் பிடித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு விடுவதற்குமுன் “இந்த ஆற்றில் ஏற்கெனவே யார் இருக்கிறார்?” என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அப்படிக் கேட்டால் விழாவே நின்றுபோகும். ஆகவே கேட்காதீர்கள்.

படி 4: கரையை அலங்கரியுங்கள்

தண்ணீரைச் சரிசெய்வது கடினம், கரை அப்படியல்ல. புனே மாநகராட்சி முளா, முட்டா கரைகளில் 44 கிலோமீட்டருக்கு ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் வகுத்தது. 2022 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நடைபாதை, படித்துறை, இருக்கை எல்லாம் வரும். மீன் நடைப்பயிற்சி போவதில்லை, இருக்கையில் உட்காருவதுமில்லை. அது கேட்பது கரையோர மரத்தின் நிழலும், வெள்ளத்தில் குஞ்சுகள் ஒதுங்க ஒரு புல் மூலையும். இரண்டையும் விளக்குப் போட்டுப் படமெடுக்க முடியாது என்பதால் திட்டத்தில் சேர்ப்பது சிரமம்.

படி 5: எதற்கும் அஞ்சாத மீனைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு மாறாது என்று முடிவாகிவிட்டால் மீனை மாற்றிவிடலாம். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்றும் மராத்தியில் சிலாபி என்றும் அழைக்கப்படும் திலாப்பியா இதற்கென்றே பிறந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. பழைய வகைப்பாட்டில் பெர்ச் வரிசையைச் சேர்ந்தது என்பதால், வெளிநாட்டுப் பத்திரிகையில் பெர்ச் தூண்டில் பற்றிப் படித்து ஏங்கியவர்களும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் இது தாக்குப்பிடிக்கும். தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்து, குஞ்சுகளையும் வாயில் ஒளித்துக் காக்கும். உள்ளூர்க் கெண்டைகள் எல்லாம் பின்வாங்கும் இடத்தில் இது குடும்பம் பெருக்கும். இன்னும் துணிச்சலான மீன் வேண்டுமென்றால் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறது. அதை வளர்க்க 2000-த்திலேயே தடை வந்துவிட்டது, ஆனால் தடை வந்த செய்தியைக் கெளுத்தி இன்னும் படிக்கவில்லை.

படி 6: கழிவுநீரைப் பின்தொடர்ந்து பயணம் போங்கள்

சாங்வியில் தூண்டில் போட வழியில்லாததால், வார இறுதியில் சோலாப்பூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி பிக்வண் போகலாம். பீமா ஆற்றில் 1980-இல் முடிந்த உஜனி அணையின் நீர்ப்பரப்பு அங்கே விரிந்து கிடக்கிறது. மொத்தக் கொள்ளளவு சுமார் 117 டி.எம்.சி., நம் மேட்டூரைவிட அதிகம். அதில் பாதிக்கும் மேல் மதகு வழியே வெளியே வராத அடிநீர்.

உங்களுக்கு முன்பே கிளம்பிய ஒன்று அங்கே காத்திருக்கும். சாங்வியில் நீங்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் முளா, முளா–முட்டா, பீமா என்று ஆறு மாறி மாறி உஜனிக்குத்தான் போகிறது. அதன் சத்தில் பாசி செழிக்கிறது, பாசியில் சிலாபி கொழுக்கிறது. சாலையோரக் கடையில் சிலாபியை வறுத்து, காரமான ரஸ்ஸா குழம்போடு பரிமாறுவார்கள். ருசி நன்றாகவே இருக்கும். சுங்கச்சாவடியில் பணம் கட்டி, டீசல் எரித்து, உங்கள் வீட்டுச் சாக்கடையை மீனாக மீட்டெடுக்கும் இந்த ஏற்பாட்டைச் சுழற்சிப் பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் போனால் பூநாரைகளும் வந்திருக்கும். கும்பார்காவ் பக்கத்து மீனவர்கள் பலர் இப்போது வலையை வைத்துவிட்டுப் பறவை பார்க்க வருபவர்களுக்குப் படகு ஓட்டுகிறார்கள். அவர்கள் கணக்கு தெளிவு. மீனை ஒருமுறைதான் விற்க முடியும், பூநாரையை ஒவ்வொரு படகுக்கும் காட்டலாம்.

படி 7: தூண்டில் போடுங்கள்

சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-லேயே இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றிப் பெரிய நூல் எழுதிவிட்டார். ஆகவே நுட்பங்களுக்குப் பஞ்சமில்லை. காவிரி மகசீருக்குக் கேழ்வரகு மாவு உருண்டை, சிலாபிக்கு மண்புழு. ஆனால் மகாராஷ்டிர அணைகளில் மீன்பிடி உரிமை பொதுவாக மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் குத்தகையில் இருக்கும். அனுமதி கேட்டு நிற்பதைவிட, கரையில் வலை உதறும் மீனவரிடம் ரூபாய் நோட்டை நீட்டுவது நிச்சயமாகப் பலிக்கும் தூண்டில். விரலளவுக் குஞ்சு வந்தால் வாங்காதீர்கள். கண்ணி சிறிய வலையால் வாரியெடுத்த குஞ்சு, அடுத்த வருடத்து மீன்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பண்ணையும் விழாவும் இல்லாமல் மகசீர் பிழைத்த இடம் உண்டா?
பதில்: உண்டு. மகாட் அருகே வாளண் கோண்ட் மடுவில், அம்மனின் மீன் என்பதால் ஊரார் தொடுவதில்லை. இந்திராயணிக் கரையில் தேஹுவிலும் மீனுக்குப் பொரி போடுவது பழைய வழக்கம். பக்தியால் வலையைத் தடுக்க முடிந்தது. மேலேயிருந்து வரும் ஆலைக்கழிவையும் நுரையையும் தடுக்க பக்திக்கு அதிகாரம் கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் நான் தூண்டில் வாங்குவது எப்போது?
பதில்: அவசரமில்லை. முதலில் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, “நம் கட்டடத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தினமும் ஓடுகிறதா, மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தி வைத்திருக்கிறோமா?” என்று மட்டும் கேளுங்கள். அந்த அறையில் எத்தனை பேர் துள்ளுகிறார்கள் என்று எண்ணிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.